வீட்டில் இருக்கிற பிள்ளை

"…வீட்டில இருந்து செய்யிற வேலைதானே பிள்ளை, அதை எங்கட வீட்டில இருந்தும் செய்யலாம்தானே. குசினியில பிரிட்ஜுக்குப் பக்கத்தில ஒரு மூலை சும்மாதான் கிடக்கு" என்றார் மாப்பிள்ளையின் தாய். என் வேலை அறையில், என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டுதான் சொன்னார்.

அப்போது நான் லோசானில் தனியாக இருந்தேன். சுவிஸில் கடல் இல்லை. ஆனாலும் எங்கள் ஆட்கள் அந்த ஏரிக்கரையைக் கடற்கரை என்றுதான் சொல்வார்கள். அலை அடிக்கிறது, கடற்பறவை கத்துகிறது, எதிர்க்கரையில் வேறொரு நாடே இருக்கிறது. உப்பில்லை என்று யார் சண்டைக்கு வரப்போகிறார்கள்.

வேலை லண்டனில் உள்ள ஒரு கம்பனிக்கு. ஹோட்டல்களில் அறை பதிவதற்கான இணையப் பக்கங்களைச் செய்துகொடுக்கும் கம்பனி. எங்கேயாவது ஒரு பக்கம் குழம்பினால் அதைத் திருத்துவது என் பாடு. பட்டம் வாங்கிக்கொண்டு வந்த வேலையில்லை. ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசையில் நின்ற காலத்தில், பழுதான பக்கத்தை யாரும் பார்க்காத நேரம் பார்த்து நோண்டி நோண்டிப் பழகியது.

எங்கள் சனத்துக்கு இது வேலையாகவே படவில்லை. வேலை என்றால் விடிய எழும்பி பஸ் பிடிக்க வேண்டும், திரும்பி வரும்போது உடுப்பில் பொரித்த எண்ணெய் மணக்க வேண்டும். இரண்டும் இல்லாதவள் சும்மா இருப்பவள். கதவு திருத்த ஆள் வருகிறான், போய் நில் என்பார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல், பார்த்துக்கொள் என்பார்கள். களைப்பாக இருக்கிறது என்று ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். கீழ்வீட்டு அக்கா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீ வேலைக்குப் போகாமலே களைக்கிற ஆள்" என்றார். அந்த வசனத்தை நான் இன்றைக்கும் ரசிக்கிறேன். அக்காவைத்தான் ரசிக்க முடியவில்லை.

சம்பந்தம் பேர்ண் நகரத்திலிருந்து வந்தது. பேசிவந்தவர், பிள்ளை வீட்டில்தான் இருக்கிறது என்று என்னைச் சிபாரிசு செய்திருந்தார். மாப்பிள்ளையின் தாய்க்கு அது தேனாக இனித்திருக்க வேண்டும். மூத்த மருமகள் முதியோர் இல்லத்தில் வேலை, மாறி மாறி ஷிப்ட். ஒரு வருடத்திலேயே புருஷனையும் கூட்டிக்கொண்டு தனிக்குடித்தனம் போய்விட்டாள். இரண்டாவதாவது வீட்டோடு கிடக்கட்டும் என்பது இவருடைய கணக்கு. "சம்பளமும் வரும், சோறும் வேகும்" என்று அவர் பேசிவந்தவரிடம் சொன்னது சுற்றிச் சுற்றி என் காதுக்கும் வந்தது.

அதைக் கேட்டும் நான் சம்மதித்ததற்குக் காரணம், எனக்கு மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. ஆஸ்பத்திரிக் குசினியில் சமையல் உதவியாளர். டெலிபோனில் நன்றாகக் கதைப்பார், சிரிக்க வைப்பார். கலியாணத்துக்குப் பிறகு லோசானிலேயே இருப்போம், எனக்கு எந்த ஊரிலும் குசினி கிடைக்கும், உமக்கு இந்த அறை வேணும் என்று அவராகவே சொன்னார். அம்மாவுக்கு அது தெரியுமா என்று கேட்டேன். "அம்மாவோட நான் கதைக்கிறன், நீர் யோசியாதையும்" என்றார். அந்த ஒரு வசனத்தை நம்பித்தான் பெண் பார்க்க வரச் சொன்னேன்.

நாள் பார்த்து ஒரு புதன்கிழமையில் வந்தார்கள். அவருக்கு லீவு, எனக்கு வேலை நாள். என் அம்மா முதல்நாளே கூர் நகரத்திலிருந்து ரயிலேறி வந்து, உருளைக்கிழங்கு வைத்துப் பற்றிஸ் பொரித்து வைத்திருந்தார். மத்தியானம் லண்டனோடு ஒரு மணித்தியாலம் பேச வேண்டியிருக்கிறது, அறைக்குள் யாரும் வராமல் பார்த்துக்கொள் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன். அம்மா அதை வந்தவர்களுக்கு, பிள்ளைக்கு டெலிபோனில் ஒரு சின்ன அலுவல் என்று மொழிபெயர்த்துவிட்டார்.

பேச்சு நடுவில் கதவு திறந்தது. மாப்பிள்ளையின் தாய் பற்றிஸ் தட்டோடு வந்தார். வைக்க இடம் தேடினார், கண்ணுக்குத் தட்டையாகப் பட்டது கீபோர்ட். அதன் மேலேயே வைத்தார். தட்டின் பாரத்தில் ஒரே எழுத்து திரை முழுக்க ஓடியது.

"ஆரோட கதைக்கிறீர்?"

"வேலை, மாமி."

"அது விளங்குது. ஆரோட?"

ஹெட்போனைச் சற்று விலக்கி, லண்டன் மேலாளரோடு என்று சொன்னேன். அவர் குனிந்து காதை ஹெட்போனுக்குக் கிட்டே கொண்டுவந்தார். "ஆம்பிளைக் குரலெல்லே கேக்குது" என்றார். மேலாளர் அந்தப் பக்கம் மிகவும் பண்பாக, வீட்டில் விருந்தாளிகளா என்று விசாரித்தார். தட்டைத் தூக்கிவிட்டு, திரையில் ஓடியதை அழித்துக்கொண்டே மிச்சத்தைப் பேசி முடித்தேன். அதுவரைக்கும் மாமி அறையை விட்டு அசையவில்லை.

நான் எழுந்ததுதான் தாமதம், நாற்காலியில் அவர் உட்கார்ந்துவிட்டார். சுழல்கிற நாற்காலி. அரைவட்டம் சுற்றிப் பார்த்துத் திருப்திப்பட்டார். அம்மா கதவடியில் நின்று கண்ணாலேயே என் வாயை மூடிக்கொண்டிருந்தார். தாயின் பின்னால் உள்ளே வந்த மகன் ஜன்னலோரம் நின்று பற்றிஸ் தின்றுகொண்டிருந்தார். அந்த நேரத்தில்தான் அந்தக் குசினி மூலையின் பேச்சு வந்தது.

நான் மகனைப் பார்த்தேன். தாயோடு கதைப்பதாகச் சொன்ன வாய் மென்றுகொண்டிருந்தது. விழுங்கிய பிறகாவது ஏதாவது வரும் என்று காத்திருந்தேன். வந்தது. "இங்கயிருந்து பாக்க நல்ல வடிவா இருக்கு" என்றார், ஏரியைப் பார்த்து. ஒரு ஏரியை அவ்வளவு சிரத்தையாகப் பார்த்த மனிதரை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. பிறகு இன்னொரு பற்றிஸ் எடுத்தார்.

அந்தக் கலியாணம் நடக்கவில்லை. பெட்டை நாள் முழுக்க யாரோ ஆம்பிளையோடு கதைக்கிறது என்று பேர்ணில் காரணம் சொன்னார்களாம். வேண்டாம் என்றது நான் என்பதை அங்கே யாரும் சொல்லவில்லை. அதற்கும் கொஞ்சம் தைரியம் வேண்டும், அந்தக் குடும்பத்தில் அது எவரிடமும் இல்லை. அம்மாவுக்கு மட்டும் கன காலம் என்னோடு மனஸ்தாபம். ஒரு வாய்ப்பேச்சுக்காக நல்ல சம்பந்தத்தைத் தட்டிவிட்டாய் என்பார்.

வாய்ப்பேச்சுக்காக அல்ல. அப்படி ஒரு வசனத்தை நான் சிரித்தே விட்டிருப்பேன், நாலு பேருக்குச் சொல்லியும் காட்டியிருப்பேன். நான் பார்த்தது, மகன் ஏரியை விட்டுக் கண்ணெடுக்காமல் நிற்க, தாய் அடுத்துச் செய்ததை. நாற்காலியை விட்டு எழுந்தார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார். என் மேசையை ஒரு அந்தத்திலிருந்து மற்ற அந்தம் வரைக்கும் சாண் போட்டு அளந்தார். கொஞ்சம் யோசித்து, கொஞ்சம் பின்னுக்கு வந்து, குசினி மூலைக்குள் அடங்க அறுக்க வேண்டிய இடத்தில் எண்ணெய் விரலால் ஒரு கோடு போட்டார்.