யாரும் மூழ்காத குடா

ஊரில் எல்லோரும் அவரை வானொலி என்றுதான் கூப்பிட்டார்கள். வாயை மூடத் தெரியாத மனிதர். கடலோர விடுதிகளுக்கு வருகிறவர்களைக் கூரையில்லாத பேருந்தில் ஏற்றிக்கொண்டு ஊரைச் சுற்றிக் காட்டுவது அவர் வேலை. கையில் மைக் வந்துவிட்டால் ஆளே வேறு. மலைமேல் விடுதி கட்டிய பணக்காரருக்குக் கடலென்றால் பயம், அதனால்தான் அவர் அறைக்கு மட்டும் ஜன்னல் மலைப்பக்கம் என்பார். இந்தக் கரைப் பறவைகள் ஐஸ்கிரீமைப் பிடுங்கும், ஆனால் வெனிலாவைத் தொடாது என்பார். பாதி நிஜம், பாதி கைச்சரக்கு. எது எது என்று அவருக்கே மறந்துபோயிருந்தது.

ஒன்று மட்டும் மறக்கவில்லை. வடக்குக் குடா வளைவில் வண்டி திரும்பும்போது, "இந்தத் தண்ணில இதுவரைக்கும் ஒருத்தர்கூட மூழ்கினதில்ல. கடலே கையப் பிடிச்சுக் கரையில விட்டுரும்" என்பார். வண்டியே அதிரும்படி சிரிப்பார்கள். அது பொய்யென்று அவருக்கு நன்றாகத் தெரியும். முந்தின வருடம் அந்தக் குடாவிலிருந்து ஒரு கல்லூரிப் பெண்ணின் உடலைத் தூக்கி வந்தவர் அவருடைய அக்கா கணவர். அவர் அங்கே உயிர்காப்பாளர். வானொலியும் அன்று கரையில்தான் நின்றிருந்தார்.

ஒருநாள் முன்வரிசையில் ஒரு வயதான தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். பெரியவர் ஒவ்வொரு தகவலுக்கும் தொடையைத் தட்டி ரசித்தார். மதியம் வானொலி பேருந்து நிழலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது குடாப் பக்கம் விசில் விடாமல் ஒலித்தது. கை கழுவாமல் ஓடினார்.

அத்தான் அந்தப் பெரியவரை மணலில் ஒருக்களித்துப் படுக்க வைத்திருந்தார். பெரியவர் இருமி இருமித் தண்ணீரைக் கக்கினார். உயிருக்கு ஆபத்தில்லை.

"வேணாம்னுதான் சொன்னேன்" என்று அவர் மனைவி சொன்னார். "இங்க யாரும் மூழ்கினதில்லையாம்னு இறங்கிட்டாரு." பிறகு வானொலியைப் பார்த்து, "இதோ, இந்தத் தம்பிதான் சொன்னாரு" என்றார். குற்றம் சாட்டும் குரல்கூட இல்லை. தெரிந்த ஒருவரை அறிமுகப்படுத்துவதுபோல் இருந்தது.

அத்தான் நிமிர்ந்து பார்த்தார். முகத்து ஈரத்தைத் துடைத்துக்கொண்டார். வானொலிக்கு மணலுக்குள் புதைந்துவிடலாம்போல இருந்தது.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனார். தட்டில் வைத்ததை அளைந்துகொண்டே இருந்தார். "என்னடா, ரேடியோ ரிப்பேரா?" என்று அக்கா கேட்டார்.

"என்னத் திட்டுங்க அத்தான்" என்றார் கடைசியில்.

"நீ அதச் சொல்றத நானே கேட்டிருக்கேன் மாப்ள. எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன்" என்றார் அத்தான். "அந்தப் பொண்ணத் தூக்கிட்டு வந்தவன் நான்."

திட்டு வாங்கியிருந்தால் தேவலாம் என்று நினைத்துக்கொண்டே வானொலி வீடு திரும்பினார்.

மறுநாள் காலை ஊருக்குக் கிளம்பும் முன் அந்தத் தம்பதி பேருந்து நிறுத்தத்துக்கே வந்துவிட்டார்கள். பெரியவருக்கு வானொலியோடு ஒரு போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டுமாம்.

"ஐயா, நான் சொன்னது பொய்ங்க. அங்க ஆள் செத்திருக்காங்க. தெரிஞ்சேதான் சொன்னேன்."

பெரியவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பாத்தியா, மனுஷன் இப்பவும் விளையாடுறாரு."

"இல்லீங்க, நெசமாத்தான்."

"சரி சரி, கேமராவப் பாருங்க."

அவர் மனைவி சிரிக்கவில்லை. போட்டோ எடுத்து முடித்ததும் வானொலியை ஒரு கணம் பார்த்தார். "வாங்க, நேரமாச்சு" என்று கணவரின் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு, போய் வருகிறோம் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் நடந்தார்.

அன்று வளைவு வந்தபோது வானொலி, "இங்க அடிநீர் இழுக்கும். ஒரு பொண்ணு செத்துப்போச்சு. இறங்காதீங்க" என்றார். வண்டி கப்சிப் என்றாகிவிட்டது. பேருந்து முதலாளி காதுக்கும் போனது.

"சந்தோஷமா இருக்க வர்றவங்கள அழ வைக்கவா உனக்கு மைக்கு?"

வானொலி தலை குனிந்து கேட்டுக்கொண்டார். அடுத்த நாளும் அதையேதான் சொன்னார். மற்ற இடங்களில் பழையபடி சிரிக்க வைத்தார். வளைவில் மட்டும் பயணிகள் பக்கம் திரும்பாமல், ஓட்டுநரின் முதுகைப் பார்த்துக்கொண்டே பேசினார்.