மஞ்சள் முகக் கவிஞர்கள்

தொமியே அக்கா ஜப்பானில் எங்கள் நாகஹாமா ஊரில் பள்ளிச் சமையற்கூடத்தில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். நானும் அங்கேதான் காய் நறுக்கினேன். ஓய்வு பெற்றதும் மற்றவர்கள் தோட்டம், பேரப்பிள்ளை என்று போனார்கள். அவர் தூரிகையை எடுத்தார். பழைய மரஅச்சுப் படங்களில் அரசவைக் கவிஞர்கள் உட்கார்ந்திருப்பார்களே, அகலக் கை வைத்த அங்கியும் உயரமான கறுப்புத் தொப்பியுமாக, கவிதை வரப்போகிறதா தூக்கம் வரப்போகிறதா என்று தெரியாத முகத்தோடு, அவர்களைத்தான் பார்த்துப் பார்த்துக் கையால் வரைவார். நூலகத்திலிருந்து பெரிய படத்தொகுப்பை இரவல் வாங்கி மடியில் அணைத்துக்கொண்டு பேருந்தில் வருவார்.

"பலகை செதுக்க எனக்கு வராது. அசல் படத்த வாங்க வக்கில்ல. பாத்து வரையறத யாரு தடுக்கப் போறாங்க?" என்பார்.

வரைந்ததெல்லாம் எங்கள் தெருப் பொதுக் குளியலகத்தின் ஓய்வறைச் சுவருக்குப் போயின. அதை நடத்துகிற மிச்சியோ தானே கேட்டு வாங்கி, சட்டம் போட்டு மாட்டினாள். வெந்நீரில் ஊறிவிட்டு வருகிறவர்கள் கவிஞர்களுக்குக் கீழே உட்கார்ந்து குளிர்ந்த பால் குடிப்பார்கள்.

போன வருடம் முதல் அந்தக் கவிஞர்களுக்கு என்னவோ ஆனது. புதிதாக வந்த படங்களில் முகமெல்லாம் மஞ்சளடித்தது. அக்கா மலிவான தாளுக்கு மாறியிருப்பார், குளியலறை ஆவி பட்டுத்தான் அது கெடுகிறது என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். மிச்சியோவுக்கு அதே கவலையாகிவிட்டது. பனி கொட்டுகிற மாதத்திலும் ஓய்வறை ஜன்னலைத் திறந்தே வைத்தாள்.

"ஏம்மா, வெந்நீர்ல குளிக்க வந்தோமா, விறைச்சுச் சாக வந்தோமா? மூடு!" என்று பெரியவர்கள் கத்துவார்கள்.

"உங்களுக்குச் சளி பிடிச்சா மருந்து இருக்கு. படம் கெட்டா நான் எங்க போவேன்? அக்காகிட்ட யாரும் மூச்சு விடாதீங்க, நானே சொல்லிக்கிறேன்" என்பாள். சொல்லத்தான் தைரியம் வரவில்லை.

தொமியே அக்காவும் குளியலகத்துக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார். கேட்டால் முழங்கால் வலி என்றார். வீட்டில் கணவர் ஷோசாகுவோடும் சரியாகப் பேசுவதில்லை என்று தெரிந்தது.

மார்ச்சில் எங்கள் பழைய தலைமைச் சமையல்காரர் இறந்துபோனார். துக்கத்துக்குக் கூடியிருந்த எல்லோரும் கறுப்பு உடுத்தியிருக்க, அக்கா மட்டும் கருநீல உடையில் வந்து நின்றார். எல்லோருடைய பார்வையும் அவர்மேல் போய்ப் போய் வந்தது. திரும்பும் வழியில் நான்தான் பேச்செடுத்தேன்.

"அக்கா, கறுப்பு கிடைக்கலயா?"

"இது கறுப்புதானே."

"நீலம், அக்கா."

"விளையாடாதே, கிக்குயோ."

நான் என் கையை அவர் கைக்குப் பக்கத்தில் நீட்டினேன். இரண்டு சட்டைக் கையையும் கண்ணுக்கு அருகே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். பிறகு அங்கேயே, பேருந்து நிறுத்தத்துப் பலகையில் உட்கார்ந்துவிட்டார்.

"எங்கப்பாவுக்குக் கடைசியில ரெண்டு கண்ணும் போயிடுச்சு. சுவரைத் தடவித் தடவித்தான் நடப்பாரு. எனக்கும் அதுதான் வருது. ஒரு வருஷமாவே எல்லாம் புகை மூட்டம். அவர்கிட்ட சொல்லிடாதே."

நான் அன்று மாலையே சொல்லிவிட்டேன். ஷோசாகு சோற்றுக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தார்.

"ஏம்மா, கண்ணுதானா காரணம்? என்மேல கோவம்னு நெனச்சு நான் ஏரிக்கு மீன் பிடிக்கப் போறதையே விட்டுட்டேனே!"

"அதனால என்ன, வீட்ல மீன் நாத்தம் இல்லாம இருந்துச்சு" என்றார் அக்கா. சொல்லும்போதே அழுதுவிட்டார்.

மறுநாள் மூவரும் கண் மருத்துவரிடம் போனோம். டாக்டரம்மா அப்பாவைப் பற்றியும் விவரமாகக் கேட்டுக்கொண்டு, கருவியில் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"கண்புரை, அவ்வளவுதான். உங்கப்பாவுக்கு வந்தது வேற நோய். உங்களுக்கு அது இல்ல. லென்ஸ் மாத்தினா பளிச்னு தெரியும்."

"அப்பாவுக்கு வந்தது இல்லையா?"

"இல்லம்மா."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

வெளியே வந்ததும் அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு பெருமூச்சு விட்டார். உடனே பசிக்கிறது என்று எங்களை நூடுல்ஸ் கடைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

அறுவை சிகிச்சை முடிந்து முதல் கண்ணின் கட்டைப் பிரித்தபோது அவர் முதலில் பார்த்தது கணவரைத்தான்.

"ஏங்க, உங்க தலை இவ்வளவு வெளுத்துப் போச்சா?"

"நீ பாக்காத நேரமா வெளுத்துக்கிச்சு."

இரண்டாவது கண்ணும் ஆறிய பிறகு குளியலகத்துக்கு வந்தார். ஓய்வறைச் சுவரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். வெள்ளை என்று நினைத்துத் தடவிய முகங்கள் எல்லாம் மஞ்சள். கறுப்பு என்று தீட்டிய அங்கிகளில் பாதி நீலம்.

அவர் முகம் மாறியதைக் கண்ட மிச்சியோ பணப்பெட்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து இடுப்பு வரை குனிந்தாள்.

"மன்னிச்சிடுங்க அக்கா! எங்க ஆவிதான் எல்லாத்தையும் கெடுத்துடுச்சு. எப்படிச் சொல்றதுன்னு தெரியாம…"

"ஆவியா? எந்த ஆவி? என் கண்ணுதான்டி! மஞ்சளக் கலந்துட்டு வெள்ளைன்னு நெனச்சுட்டேன்."

மிச்சியோ மெதுவாக நிமிர்ந்தாள். "அப்ப… ஆவி இல்லையா?"

"அப்ப அந்த ஜன்னல மூடித் தொலை!" என்று பின்னாலிருந்து ஒரு பெரியவர் கத்தினார்.

மிச்சியோ சிரித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அக்காவும் பக்கத்தில் உட்கார்ந்தார். இருவரும் ஒருவர் முதுகை ஒருவர் தட்டிக்கொண்டு வெகுநேரம் சிரித்தார்கள்.

மஞ்சள் முகங்களையெல்லாம் கழற்றி ஷோசாகுவின் சின்ன லாரியில் ஏற்றினோம். ஒன்றை மட்டும் எடுக்க முடியவில்லை. கல்லீரல் சிகிச்சையில் இருக்கிற ஒருவர் குறுக்கே வந்து நின்றார். "இவரை விட்டுடுங்க. இங்க என் நிறத்துல இருக்கிற ஒரே ஆளு இவர்தான்."

அக்கா அதை அவருக்காக விட்டுவைத்தார். மழைக்காலம் முழுவதும் மற்றவற்றை ஒவ்வொன்றாகப் புதிதாக வரைந்து கொண்டுவந்தார். போன வாரம் வந்தது ஒரு பெண் கவிஞர். ஐந்தாறு அடுக்கு அங்கியில் ஒவ்வொரு விளிம்பும் தனித்தனி நிறம். அதை மாட்டிவிட்டு, பாலைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்க மறந்து, அக்கா அந்த விளிம்புகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.