பழைய மொடலும் புது மூக்கும்

ஹட்டனில் போன் கடை வைத்திருந்த அந்த முஸ்லிம் அண்ணனை எல்லோரும் 'நானா' என்றே கூப்பிடுவோம்; பெயர் எனக்கு இன்றும் தெரியாது. காதில் எப்போதும் சின்னத் திருப்புளி ஒன்றைச் சொருகியிருப்பார். எவ்வளவு பழைய போனைக் கொடுத்தாலும், அன்றுதான் உலகத்துக்கு வந்ததுபோல அறிமுகம் செய்வார்.

அன்று கொழும்பில் என் மகளுக்குப் பிரசவம். அங்கிருந்து படம் வந்திருப்பதாகக் காட்டிய போன், திறக்க மட்டும் மறுத்தது. தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டித் தேய்ந்திருந்த என் விரலை அதற்கு அடையாளம் தெரியவில்லை. பூட்டு நம்பர் பயத்தில் மறந்துவிட்டது. மகளின் நம்பரோ போனுக்குள். பிரசவமே எனக்குத்தான் என்பதுபோல வியர்த்துக்கொண்டு கடைக்கு ஓடினேன்.

"இது வந்தப்ப ஹட்டனே திரண்டுச்சுண்ணே," என்று போனின் முதுகைத் தடவினார். "முந்தின மொடல்ல விரல் வைக்க எடமே இல்ல. இதுல கெமராவுக்குக் கீழ வச்சான். ஓரத்தையும் வளைச்சான், பாருங்க!"

"தொறங்க நானா! இல்லாட்டி இங்கேயே விழுந்துருவேன்."

"விழுங்க. போன வச்சிட்டு விழுங்க. இதுக்கு இப்ப கண்ணாடி வர்றதில்ல."

பிறகு திடீரென்று சிரித்தார். "இத ஒங்களுக்கு விக்கிறப்ப என் விரலயும் பதிஞ்சுதானே காட்டுனேன்!"

விரலை வைத்தார், திறந்தது. இதை வைத்துக்கொண்டா இவ்வளவு நேரம் ஓரத்தின் வளைவைப் பேசினார்? திட்டுவதற்கு மூச்சை இழுத்தேன். அதற்குள் அவர் என் பேத்தியின் படத்தையும் என் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார்.

"மாஷா அல்லாஹ்! பழைய மொடலவிட மூக்க நல்லாத் திருத்தியிருக்கான்ணே, படச்சவன்."

அவர் விரலை நான் இன்னும் போனிலிருந்து எடுக்கவில்லை. என் விரலைத்தான் நம்ப முடியவில்லை.