நின்றுகொண்டே படித்த கம்ப்யூட்டர்

வசுந்தரா டீச்சரைப் போல் கோபப்படத் தெரியாத ஆளை நான் பார்த்ததில்லை. 1999-ல் வில்லாபுரத்தில் சீதாராமன் நடத்திய கம்ப்யூட்டர் சென்டரில் அவர்தான் ஒரே டீச்சர். நான் வாசலில் உட்கார்ந்து அட்மிஷன் போடுகிறவன். மெஷின் நாலு. பேட்சுக்குப் பன்னிரண்டு பேர் போதும் என்று டீச்சர் கேட்டுக்கொண்டே இருந்தார். சீதாராமனுக்கோ அவனியாபுரத்தில் ஒரு கிளை திறந்தே தீரவேண்டும் என்ற வெறி. முப்பது பேரைச் சேர்க்கச் சொன்னார், நானும் சேர்த்தேன். டீச்சரும் அவரும் தங்கள் வீட்டில் பேசும் சௌராஷ்டிரா பாஷைக்கு மாறினால் சண்டை என்று அர்த்தம், பிள்ளைகளுக்குப் புரியக்கூடாதாம். ஒவ்வொரு முறையும் டீச்சர்தான் அடங்கிப்போவார்.

பெருங்குடிப் பக்கத்திலிருந்து பாண்டிச்செல்வி வந்து சேர்ந்தாள். அப்பா, அம்மா இருவரும் அடுத்தவர் வயலில் கூலி வேலை பார்த்தவர்கள். ஆறு மாதம் ஒருநாள்கூடத் தவறாமல் வந்தாள். பரீட்சை முழுக்கத் தாளில்தான். தொண்ணூற்றிரண்டு மார்க் வாங்கினாள். முதல் வகுப்பு என்ற சர்டிபிகேட்டில் டீச்சர் கையெழுத்துப் போட்டார். அதை எடுத்துக்கொண்டு ஒரு மில் ஆபீசுக்கு இன்டர்வியூ போனாள்.

மறுநாளே திரும்பி வந்தாள். ஒரு லெட்டர் அடிக்கச் சொன்னார்களாம். இவள் இருட்டுத் திரைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். என்னம்மா என்று கேட்டதற்கு, யாராவது வந்து மெஷினைப் போட்டுவிடுவார்கள் என்று சொன்னாளாம். எங்கள் சென்டரில் காலையில் சீதாராமன் போடுவார், ராத்திரி அவரே அணைப்பார். வேறு யாரும் பொத்தானைத் தொடக்கூடாது.

டீச்சர் அவள் பக்கம் திரும்பினார்.

"ஆறு மாசத்துல ஒருநாள்கூடவா நீ மெஷின்ல உக்காரல?"

"முன்னாடி இருந்தவங்க எந்திரிக்கலையே டீச்சர். பின்னாடி நின்னு பாத்து நோட்டுல எழுதிக்கிட்டேன்."

நோட்டைக் காட்டினாள். கீபோர்டை வரைந்து வைத்திருந்தாள், ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. எங்களைத் திட்டப்போகிறாள் என்று நான் பயந்தேன். அவளோ பர்சைத் திறந்தாள்.

"தப்பு எம்மேலதான் டீச்சர். மறுபடி பீஸ் கட்டுறேன். இந்தத் தடவயாச்சும் உக்கார விடுவீங்களா?"

பழைய மாணவிதானே, பத்து சதவீதம் குறைத்துக்கொள்ளலாம் என்று சீதாராமன் அட்மிஷன் பாரத்தை என் பக்கம் தள்ளினார். பாவி மனிதர், உதவி செய்வதாக நினைத்துத்தான் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

டீச்சர் அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். அடுத்த பேட்ச் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. முன்னால் இருந்த ஒருவனை எழுப்பிவிட்டு அவளை உட்காரவைத்தார். பிறகு, இதுவரை கீபோர்டைத் தொடாதவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார்.

பதினேழு கைகள் எழுந்தன. அந்த பேட்சுக்கு அடுத்த வாரம் கொடுக்கவேண்டிய முப்பது சர்டிபிகேட்டும் டீச்சர் கையெழுத்துக்காக என் மேஜையில் இருந்தன. எல்லாவற்றிலும் முதல் வகுப்பு என்று நான்தான் அடித்துவைத்திருந்தேன்.