முரியல் கடையின் கடைசி ரோஸ்

"குப்பையில போட்டுட்டியா? போடலையா? அப்பாடா. இப்ப அதைத் தொடாத. மல்லாந்து கெடந்தா சிலந்தி செத்துடுச்சுன்னு யாரு சொன்னா? சட்டை உரிக்குது கண்ணு. செத்ததா இருந்தா காலையெல்லாம் வயித்துக்கு அடியில சுருட்டிக்கிட்டு குப்புறக் கெடக்கும். நாளைக்குக் காலைல பாரு, புதுசா நிக்கும்."

தொலைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, முயலுக்கான வைக்கோலைப் பையில் திணித்துக்கொண்டே பேசினாள் செல்லப்பிராணிக் கடைக்காரி முரியல் கெர்ஷா. வாரத்துக்கு இரண்டு முறையாவது இப்படி ஓர் அழைப்பு வரும். அவள் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் குப்பைத்தொட்டியைப் பற்றியதுதான். குப்பை வண்டி வருவதற்குள் அவள் காப்பாற்றிய சிலந்திகள் இங்கிலாந்தின் இந்த ஓல்டம் ஊரில் ஏராளம்.

அறுபத்து மூன்று வயது. குள்ளம். பச்சை ஏப்ரன் பையில் ஓவியத் தூரிகை ஒன்று, இடுக்கி ஒன்று, பாதி கடித்த பிஸ்கட் ஒன்று. தூரிகை படம் வரைய அல்ல, சிலந்தியைப் பின்னாலிருந்து தள்ளிவிட. முன்னங்கை இரண்டும் எந்நேரமும் சிவந்திருக்கும். சிலந்திகள் கோபத்தில் உதறும் முடி பட்டு வந்த அரிப்பு. பேசும்போது சொறிவாள், கணக்குப் போடும்போது சொறிவாள், கேட்டால் "பாசம்" என்பாள்.

கல்லாவுக்குப் பக்கத்திலிருக்கும் கண்ணாடித் தொட்டிதான் கடையின் முகம். பழைய பெயர்ச்சீட்டைக் கிழிக்கும் பழக்கம் அவளுக்குக் கிடையாது, அதன் மேலேயே புதியதை ஒட்டிவிடுவாள். எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் சீட்டு மெக்சிகோவின் சிவப்பு முட்டிக்காரிச் சிலந்தி. காட்டில் பிடித்து அனுப்பக் கெடுபிடி வந்ததும் அது அருமைப் பண்டமாகி, காசுள்ளவர்கள் கைக்குப் போய்விட்டது. அதற்கு மேல் சிலி ரோஸ். பெட்டி பெட்டியாக வந்து இறங்கியது. இரண்டு பேர் மீனும் சிப்ஸும் தின்கிற காசுக்கு ஒரு சிலந்தி. சிலந்தி என்றால் பல வருடம் இந்த ஊருக்கு அதுதான். பிறகு சிலியிலிருந்தும் வரத்து நின்றது. இப்போது மேலே ஒட்டியிருப்பது சுருட்டை முடிக்காரி. யாரோ எங்கோ வீட்டறையில் குஞ்சிலிருந்து வளர்த்து அனுப்புவது.

தொட்டியில் எது இருக்கிறதோ அதுதான் உலகத்திலேயே உயர்ந்தது என்பது முரியலின் வியாபார தர்மம். சிவப்பு முட்டி இருந்த காலத்தில், "அழகுன்னா இதுதான் கண்ணு, மத்ததெல்லாம் சும்மா" என்றாள். ரோஸ் வந்ததும், "முட்டிக்காரியா? முடியை உதறியே உயிரை எடுப்பா. சாதுன்னா ரோஸ்தான்" என்றாள். இப்போது, "ரோஸா? அது ஒரு வருஷம் சோறு தின்னாம மூலையில உக்காந்து முறைக்கும். சுருட்டைக்கு வச்சா தட்டைக்கூட விடாது." மூன்றையும் ஒரே முகத்தோடு சொல்ல அவளால் முடிந்தது.

ஆனால் பக்கத்து ஊரான ராச்டேலுக்குப் பேருந்து ஓட்டும் லினெட்டிடம் மட்டும் இந்தப் பேச்சு எடுபடவில்லை. சின்ன வயதில் அவளிடம் ஒரு ரோஸ் இருந்ததாம். சனிக்கிழமை தவறாமல் வந்து நிற்பாள். "ரோஸ் வந்துச்சா?" "வரல. சுருட்டை பாக்குறியா?" "வேணாம்." இது இரண்டு வருடம் நடந்தது.

கடையின் பின்னறையில், கெட்டிலுக்குப் பக்கத்தில், விற்பனைக்கு இல்லாத ரோஸ் ஒன்று இருந்தது. பெயர் மேவிஸ். எப்போதோ ஒருவர் "இது பழுது, சாப்பிட மாட்டேங்குது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனது. சரக்கு அனுப்பும் ஆளிடம் முரியல் போனில் கேட்டபோது, "ரோஸா? மறந்துடுங்க" என்று சொல்லிவிட்டான். அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது. அருமையாகிப்போன சிவப்பு முட்டியை ஆளாளுக்கு வீட்டில் குஞ்சு பொரிக்கவைத்தார்கள். சல்லிசாகக் கிடைத்த ரோஸைப் பெருக்க வேண்டுமென்று இந்தப் பக்கத்தில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. ஆயிரக்கணக்கில் விற்ற அவளுக்கும் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது.

ராச்டேலில் கடை வைத்திருக்கும் நெவில் கிளெக்கிடம் வயதுக்கு வந்த ஆண் ரோஸ் இருந்தது. முரியலுக்கும் அவனுக்கும் இருபது வருடப் போட்டி. ஆனால் சிலந்திக்காரர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஆணை இரவல் கொடுத்தால் பிறக்கும் குஞ்சில் பாதி. மாப்பிள்ளையைப் பெண் தின்றுவிட்டாலும் பாதிதான், அதற்காகச் சண்டை போடக் கூடாது. நெவில் ஐஸ்கிரீம் டப்பாவில் மாப்பிள்ளையை வைத்து, கோட்டுக்குள் மறைத்துப் பேருந்தில் கொண்டுவந்தான்.

"ஏழு காலுதான் இருக்கு. முன்னாடியே சொல்லிட்டேன்."

"எனக்கு முட்டி ரெண்டும் போச்சு. நான் நின்னு வியாபாரம் பண்ணல?"

கல்யாணம் ஐந்து நிமிடத்தில் முடிந்தது. மேவிஸ் பாய்ந்தால் குறுக்கே விடத் தயாராக முரியல் பிடித்திருந்த தூரிகைக்கு வேலையே வரவில்லை. இறைச்சி வைத்துச் சுட்ட பேஸ்ட்ரியும் தேநீருமாகக் கொண்டாடினார்கள்.

ஆறாவது வாரம், செவ்வாய்க்கிழமை காலை, முரியல் விளக்கைப் போட்டாள். மேவிஸ் மல்லாந்து கிடந்தாள்.

"நெவில், சட்டை உரிக்குறா."

சட்டையோடு உள்ளே சேர்த்து வைத்திருந்த விந்தும் போய்விடும் என்பது இருவருக்கும் தெரியும். உரிக்கப்போகிற சிலந்தியின் வழுக்கை வயிறு முன்கூட்டியே கறுக்கும். கல்யாணத்தன்றைக்கே மேவிஸுக்குக் கறுத்துத்தான் இருந்தது. மாப்பிள்ளை வந்துவிட்ட அவசரத்தில், விளக்கு நிழல் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஊருக்கெல்லாம் நல்ல செய்தியாகச் சொல்லிவந்த விஷயம் தன் வீட்டில் நடந்தபோது, நாய் பிஸ்கட் மூட்டைமேல் உட்கார்ந்து அழுதாள்.

புதுத் தோல் இறுகி மேவிஸ் நாலு வாய் தின்ன இரண்டு மாதமாகும். வயதுக்கு வந்த ஆணுக்கு ஆயுள் சொற்பம். அதுவரை மாப்பிள்ளை தாங்குவானா என்பதுதான் கேள்வி. வேறு ஆண் கிடையாது. தினமும் ஒன்பது மணிக்கு நெவில் போன் செய்வான். "நடக்கிறான்" என்று ஒரே வார்த்தை சொல்லி வைத்துவிடுவான். ஒருநாள் கூடுதலாக, "சில்வண்டு ஒண்ணு போட்டேன். தின்னல. பாத்தான்" என்றான்.

"பாத்தான்ல? அது போதும்," என்றாள் முரியல்.

இரண்டாம் முறை வந்தபோது மாப்பிள்ளைக்குச் சுவர் பிடிக்க வலுவில்லை. ஆனாலும் தரையில் கால்களால் தாளம் போட்டான். கொஞ்ச நேரம் கழித்து மேவிஸும் பதில் தாளம் போட்டாள். முரியலின் தூரிகைக்கு அன்றும் வேலை வரவில்லை. பன்னிரண்டு நாள் கழித்து மாப்பிள்ளை நெவில் கடையில் வயதாகிச் செத்தான். தோட்டத்தில் லீக்ஸ் வெங்காயப் பாத்தி ஓரமாக அவனைப் புதைத்ததாக நெவில் சொன்னபோது முரியல் கேலி செய்யவில்லை.

வசந்தத்தில் மேவிஸ் முட்டைப்பை கட்டினாள். மிரண்டால் தாயே அதைத் தின்றுவிடும். ஆகவே கடை முழுக்க ஊமையாயிற்று. வாசல் மணிக்குக் கம்பளிக் காலுறை மாட்டப்பட்டது. ரேடியோ அலமாரிக்குள் போனது. வாயாடிக் கிளியை நெவில் கடைக்கு அனுப்பிவிட்டாள். நாய் சங்கிலி வாங்க வந்த ஆறடி மனிதர்கள் குனிந்து ரகசியம்போல விலை கேட்டார்கள். வாய் ஓயாத முரியல் ஐந்து வாரம் கிசுகிசுத்தே பிழைத்தாள். பிறகு கையைக் கழுவி, பையை மெல்ல உருவியெடுத்து, நாளுக்கு மூன்று முறை புரட்டிவிட்டுக் காத்தாள். ஒரு காலையில் பஞ்சு நிறத்தில் கால்கள் அசைந்தன. நெவிலுக்குப் போன் போட்டு, சிரித்துச் சிரித்து ஒன்றும் சொல்ல முடியாமல் வைத்துவிட்டாள்.

குஞ்சுகள் தனித்தனி டப்பாக்களுக்குப் போனபின், ஒரு ஞாயிற்றுக்கிழமை, "உனக்கொண்ணு எனக்கொண்ணு" என்று பங்கு பிரித்தார்கள். நெவில் தன் பங்கை அந்த மாதமே விற்கத் தொடங்கினான். முரியலின் பங்கு பின்னறையை விட்டு வெளியே வரவில்லை. "இன்னும் ஒரு சட்டை உரிக்கட்டும்" என்றாள். உரித்தன. "இன்னும் ஒண்ணு" என்றாள்.

சனிக்கிழமை லினெட் வந்தாள். "நெவில் கடையில பாத்தேன். ஆனா நான் அங்க வாங்கல. உங்ககிட்டதான் ரெண்டு வருஷமா கேக்குறேன்."

இதற்குமேல் சாக்கு இல்லை. முரியல் உள்ளே போய், டப்பா டப்பாவாகத் தூக்கிப் பார்த்து, நெடுநேரம் கழித்து ஒன்றைக் கொண்டுவந்தாள். உள்ளே மிளகளவில் ஒரு ரோஸ், முன்னங்காலைத் தூக்கி நின்றது.

"ஒரு மூலையில ஈரம் காயக் கூடாது."

"தெரியும் முரியல்."

"மல்லாந்து படுத்தா..."

"குப்பையில போடமாட்டேன்."

"தின்னலைன்னா பதறாத. அவங்க அம்மாவும் அப்படித்தான்."

"சரி, சரி. வண்டி எடுக்க நேரமாச்சு," என்று சிரித்தபடி லினெட் டப்பாவைப் பிடித்தாள்.

"ஆமா ஆமா, கெளம்பு கண்ணு," என்றாள் முரியல். டப்பாவின் மறுபக்கத்தைப் பிடித்திருந்த விரல்களை மட்டும் விடவில்லை.