அமாவாசைக்கு மறுநாள்

“ரேஷன் ஆபீசுக்கு நீ ஒரு பேப்பர் எழுதினா பசி தீந்துடுமா? நாலு சோத்துப் பொட்டலம் கட்டிக் குடு, புண்ணியமாவது மிஞ்சும்” என்றார் சித்தப்பா என்னிடம், அப்பாவின் எதிரிலேயே. எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். எனக்குச் சுருக்கென்றது. அப்பா, “அவ எழுதட்டும்டா” என்று மட்டும் சொன்னார்.

அப்பா திருப்பத்தூர்ப் பக்கத்தில் நிலமில்லாத வீட்டில் பிறந்தவர். பதினாறு வயதில் செகந்திராபாத் வந்து, ரயில்வே பட்டறையில் பாரம் தூக்கும் கலாசியாகச் சேர்ந்து, மல்காஜ்கிரியில் ஓர் ஓட்டு வீடு கட்டினார். கையெழுத்துப் போடத் தெரியாதவர். சிறுவயதில் பட்டினி கிடந்ததைப் பற்றி ஒருநாளும் எங்களிடம் பேசியதில்லை.

அமாவாசைதோறும் பட்டறை நண்பர்களோடு தயிர்சாதம் கட்டித் தண்டவாளத்தோரக் குடிசைகளுக்குக் கொண்டுபோவார். மழை பொய்த்த பாலமூர் மாவட்டத்திலிருந்து மண் வேலைக்கு வந்த கூலிக் குடும்பங்கள் அங்கே இருந்தன. ஓர் அமாவாசையன்று யாதம்மா என்ற பெண் பொட்டலத்தை வாங்காமல் தெலுங்கில் சொல்லிச் சிரித்தாள்: “காலையிலேர்ந்து இது ஆறாவது அய்யா. குடுக்கிற எல்லாருக்கும் இன்னிக்கேவா புண்ணியம் வேணும்? நாளைக்கு யாரு வருவாங்க?” முந்திய பொட்டலங்கள் குடிசைக்குள் புளித்துக் கிடந்தன.

அடுத்த மாதம் அப்பா அமாவாசையை விட்டு, சாதாரண நாளொன்றில் அவளுக்கு அரிசி கொண்டுபோனார். அவள் அதைக் கடையில் மலிவாக விற்று, பிள்ளைகள் இருவருக்கும் பன்னும் டீயும் வாங்கிக் கொடுத்தாள். “பாத்தீங்களா, இதுங்களுக்குச் செஞ்சா இப்படித்தான்” என்றார்கள் எங்கள் தெருவில். அப்பா கோபப்படவில்லை, போய்க் கேட்டார். ரேஷன் அட்டை இல்லாததால் மண்ணெண்ணெய் கிடையாது. விறகெல்லாம் மழையில் நனைந்திருந்தது. “வேகாத அரிசிய மெல்லுறதா அய்யா?” என்றாளாம்.

அன்றிலிருந்து எங்கள் அடுப்பில் ஒரு பானை கூடுதலாக ஏறியது. நூறு பேருக்கு ஒருநாள் என்பதை விட்டு, ஒரு குடும்பத்துக்குத் தினமும். ஆளுக்கொரு குடும்பத்தை எடுத்துக்கொண்டு, என்ன வேண்டுமென்று கேட்டுக் கொடுக்கும்படி நண்பர்களிடமும் சொன்னார். இருவர் ஒப்புக்கொண்டார்கள். மற்றவர்களுக்கு அமாவாசையே போதுமாயிருந்தது. நான் யாதம்மாவின் ரேஷன் அட்டைக்கு மனு எழுதினேன். “வீட்டு நம்பர் இல்லாம அட்டையா? நக்கோ அம்மா, ஆகாது, போ” என்று குமாஸ்தா மூன்று முறை திருப்பிக் கொடுத்தார்.

யாதம்மாவின் இளைய மகள் அந்த மழைக்காலத்தைத் தாண்டவில்லை. உடம்பு முன்பே வற்றிவிட்டது, இனிக் கஞ்சி ஏறாது என்றார் டாக்டர். “அத்தனை அமாவாசையும் வீணாப் போச்சே” என்றார் அப்பா. நெஞ்சு வலியோடு படுக்கையில் கிடந்த கடைசி வாரத்திலும், பானை போயிற்றா என்றுதான் மாலையில் கேட்பார். அட்டையைப் பார்க்காமலே போனார்.

ஆஸ்பத்திரியில் முறைவைத்துக் காத்திருந்த பட்டறைத் தோழர்களுக்கும், எங்கள் வீட்டுக்கும் சேர்த்துச் சமைத்த அண்டை வீட்டாருக்கும், காரியங்களை முன்னின்று நடத்திய சித்தப்பாவுக்கும் கைகூப்புகிறோம். அப்பாவின் இந்த முதலாண்டு நினைவு நாளில் அன்னதானம் வைக்கவில்லை. அதற்கான அரிசி தினப் பானைக்குப் போகும். உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

குடிசைகளை இடித்துவிட்டார்கள். மற்றக் குடும்பங்கள் எங்கே போயின என்று எங்களுக்குத் தெரியாது. அட்டை வரும் என்ற நம்பிக்கையும் எனக்கில்லை. சென்ற திங்கட்கிழமை யாதம்மாவையும் அவள் மூத்த மகளையும் எங்கள் வீட்டுப் பின்பக்கச் சாய்ப்பில் குடிவைத்தோம். அன்றே எங்கள் வீட்டு நம்பரை எழுதி, நான்காவது மனுவைக் கொடுத்துவிட்டு வந்தேன்.