ஒரு புக்கு, நாலு புள்ளைங்க

எல்.கே.ஜி., யு.கே.ஜி. புள்ளைங்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக் குடுக்கறது லேசுன்னு எவனாச்சும் சொன்னா, அவனை முப்பத்தெட்டு புள்ளைங்களோட ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்குக் கீழ அரை நாள் அடைச்சு வைக்கணும். அந்தப் பேஜாரை அனுபவிச்ச மிஸ்ஸுங்களே, இது உங்களுக்குத்தான். மத்தவங்க சிரிப்பாங்க, நம்ப மாட்டாங்க.

அப்ப நான் ஈவ்னிங் காலேஜ்ல பி.ஏ. ரெண்டாவது வருசம். காலைல விம்கோ நகர்ல ஒரு வூட்டு மாடில நடந்த நர்சரி ஸ்கூல்ல மிஸ்ஸு. ஓனரை ஓனர்னு சொல்லக்கூடாது, கரஸ்பாண்டன்ட்னு சொல்லணும். மொத நாளே அவராண்ட சம்பளத் தேதிக்கு வாதாடினேன். மனுசன் சந்தோசமாயிட்டாரு. "இந்த வாய் போதும்மா, இந்த வேலைக்கு வேற இன்னா வேணும்?"

டிசிப்ளின்

படியேறுனதும் ஒரு போர்டு தொங்கும்: உள்ள இங்கிலீஷ்லதான் பேசணும். புள்ளைங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது. தமிழ் பேசக்கூடாது. அப்ப இன்னா ஆவும்? ஒருத்தனும் வாயே தொறக்கல. ஒண்ணுக்கு வந்தாக்கூட எழுந்து நின்னு குதிப்பானுங்க. குதிக்கிற ஸ்டைலைப் பாத்தே ஒண்ணா ரெண்டான்னு எங்க ஆயாம்மா கரெக்டா சொல்லிடும்.

"சாவு வூட்லகூட இதைவிட சத்தம் கேக்கும் சார், போர்டைக் கழட்டுங்க"ன்னு சண்டை போட்டுகினு இருந்தேன். அந்த நேரம் பாத்து அட்மிஷன் கேட்டு ஒரு அம்மா மேல வந்தாங்க. கிளாஸை எட்டிப் பாத்தாங்க. உள்ள முப்பத்தெட்டு புள்ளைங்களும் செலை மாதிரி ஒக்காந்துகினு இருந்துதுங்க. கீழ நின்ன புருசனுக்குக் குரல் குடுத்தாங்க: "யோவ், இங்கியே சேத்துடலாம்யா. இன்னா டிசிப்ளின் பாரு!"

கைக்கு அடில

யு.கே.ஜி. ரீடர் புக்கை எங்க புள்ளைங்க கடகடன்னு படிக்கும். எனக்கு ரொம்பப் பெருமை. ஒரு நாள் சதீஷுன்னு ஒருத்தன் படிச்சுகினு இருக்கும்போது, சந்தேகத்துல புக்கு மேல என் கையை விரிச்சு வெச்சேன். பையன் நிறுத்தல. என் உள்ளங்கைக்கு அடில இருந்த நாலு வரியையும் படிச்சு முடிச்சுட்டு, பக்கத்தையும் அவனே திருப்பினான்.

மொத்த கிளாஸும் மனப்பாடம்! "டேய், எழுத்தைப் பாக்காம எப்டிடா படிக்கிற?"ன்னு கத்துனேன். அவன் என்னைப் பாவமா பாத்தான். "நீங்க கையை எடுக்காதீங்க மிஸ், எனக்கு இடைஞ்சலே இல்ல."

எதிர்ப்பக்கம்

மொத்த கிளாஸ்லயும் ஒருத்திதான் அப்டி ஒப்பிக்கல. நஸ்ரின். புக்கைக் குடுத்தா முழிப்பா. மக்குன்னு பேரு வெச்சுட்டாங்க. எங்க ஸ்கூல் யு.கே.ஜி.யோட சரி. அப்பால பெரிய ஸ்கூல்ல டெஸ்ட்டுல பாஸாயிதான் ஒண்ணாவது சேரணும். "அந்தப் பொண்ணை டெஸ்ட்டுக்கு அனுப்பாத, இன்னொரு வருசம் இங்கியே கெடக்கட்டும்"னாரு கரஸ்பாண்டன்ட். ஒரு தடவை மக்குன்னு எழுதிட்டா அது அந்தப் புள்ளை கூடவே போவும். எனக்கு வந்துது பாருங்க கோவம்!

சிலேட்டுல புக்குல இல்லாத வார்த்தையா எழுதிக் காட்டினேன். ஊஹூம். வெறுத்துப்போயி சிலேட்டை என் பக்கம் திருப்பினேன். எனக்கு நேரா, அவளுக்குத் தலைகீழா. டக்குடக்குன்னு படிக்கறா! அப்பதான் ஒறைச்சுது. எங்க ஸ்கூல்ல நாலு புள்ளைக்கு ஒரு புக்கு. தரைல வெச்சு மூணு பேரு நேரா ஒக்காருவாங்க, நாலாவது ஆளு எதிர்ல. நஸ்ரின் அப்பா மணலி ரிஃபைனரில டேங்கர் லாரி ஓட்டறவரு. நைட் ஷிப்ட் முடிச்சு வந்துதான் புள்ளையைக் கூட்டினு வருவாரு. தெனம் லேட்டு, தெனம் எதிர்ப்பக்கம். ரெண்டு வருசமா அவ பாத்த எழுத்தெல்லாம் தலைகீழ்தான். கிளாஸ்ல நெசமா படிக்கத் தெரிஞ்சது அவ ஒருத்திக்குத்தான்!

அவ அப்பாவாண்ட, அதான் பாயாண்ட, இதைப் பயந்துகினே சொன்னேன். "மிஸ், நான் லாரியை ஒரு கிலோமீட்டர் ரிவர்ஸ்லயே ஓட்டுவேன். அதுக்காக இவனுக்கு வண்டி ஓட்டத் தெரியலன்னு எவனாச்சும் சொல்வானா?"

டெஸ்ட்

டெஸ்ட்டுக்கு இருந்த பத்து நாள்ல நேரா படிக்க வைக்கப் பாத்தேன். தல சுத்துதுன்னு அழுதா. சரி, நடக்கறது நடக்கட்டும்னு அப்பாவும் பொண்ணும் பெரிய ஸ்கூலுக்குப் போனப்ப நானும் கூடப் போனேன். சொந்தக்காரங்க மட்டும்தான் உள்ள வரலாம்னாங்க. "சித்தி"ன்னேன். நெத்தில பொட்டோட நான், பக்கத்துல தொப்பியோட பாய். அவரு ஃபேனையே பாத்துகினு இருந்தாரு.

ஹெச்.எம். மேடம் டேபிளுக்கு அந்தப் பக்கம், நாங்க இந்தப் பக்கம். புக்கை நஸ்ரினாண்ட தள்ளுனாங்க. அவ தலைகீழா திருப்பினா. மேடம் நேராக்கினாங்க. அவ திருப்பினா. மூணு ரவுண்டு. "மேடம், அவ இஷ்டத்துக்கு விடுங்க, படிப்பா"ன்னு நான் ஆரம்பிச்சேன். "சித்தி கொஞ்சம் சும்மா இருங்க"ன்னுட்டு, மேடம் அவங்க நோட்டுல பெரிய எழுத்துல ஏதோ எழுதுனாங்க. பாய் மூஞ்சி செத்துப்போச்சு.

நோட்டு அவங்களுக்கு நேரா இருந்துது. அப்ப எங்களுக்கு? நஸ்ரின் டேபிள்ல தாடையை வெச்சுகினு, விரல் வெச்சு, கூட்டிக் கூட்டிச் சத்தமா படிச்சா: "கேன்... னாட்... ரீட்."

படிக்கத் தெரியாதுன்னு எழுதினதைப் படிச்சுட்டா! மேடம் நோட்டைப் படார்னு மூடுனாங்க. "அது என் நோட்டு. அதை இன்னாத்துக்குப் படிக்கற? உன் புக்கைப் படி!"

ரிசல்ட்

அப்பால நான் வுடுவேனா? மேடம் டேபிள்ல இருந்த சர்க்குலர், லீவ் லெட்டர், பால் பாக்கெட் கவரு, எல்லாத்தையும் அவங்களுக்கு நேரா வெச்சு, எதிர்லேர்ந்து நஸ்ரினைப் படிக்கச் சொன்னேன். தெரியாத வார்த்தையையும் எழுத்துக் கூட்டி முட்டி மோதிப் படிச்சா. மேடத்துக்குச் சிரிப்பு வந்துடுச்சு. நோட்டைத் தொறந்து அந்த வரியை அடிச்சாங்க. புதுசா ஏதோ எழுதுனாங்க, இந்தத் தடவை ஒரு கையால மறைச்சுகினு. "எடம் குடுக்கறேன் பாய். நேரா படிக்க நான் பழக்கிக்கறேன். அதுவரைக்கும் எவனும் இவளை என் டேபிளாண்ட வுடக்கூடாது."

முறை

மறுநாள் சொன்னதும் கரஸ்பாண்டன்ட் துள்ளிக் குதிச்சாரு. புக்கு வாங்கிக் குடுங்க, ஆளுக்கு ஒண்ணுன்னு கேக்கலாம்னு நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள ஆர்டரே போட்டுட்டாரு: "நாளைலேர்ந்து எல்லாப் புள்ளையும் எதிர்ப்பக்கம் ஒக்காரட்டும்." "அப்ப நேர்ப்பக்கம் யாரு சார் ஒக்காருவா?"ன்னேன். "நீதான்மா. அதுக்குத்தான சம்பளம்!"

நாலு வருசம் அந்த ஷீட்டுக்குக் கீழ கத்திக் கத்தி நான் கண்டுகினது இவ்ளோதான்: மக்குன்னு பேரு வெக்கறவங்க ஒரு தடவையாச்சும் எழுந்து வந்து டேபிளுக்கு இந்தப் பக்கம் ஒக்காந்து பாத்தா, பாதி மக்குங்க காணாமப் பூடும்.